கண்டி ராஜா ஏறிய கப்பல்

வேலூரைப் பற்றி அந்த ஊர்க்காரர்களே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளும் வசனம் ஒன்று உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்பார்கள். இவற்றில் ஒன்று இப்போது பொய்யாகிவிட்டது. ஜலகண்டேசுவரர் 1981-ம் வருஷம் கோட்டைக்குள் இருக்கும் தம்முடைய கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். ஆற்றின் சங்கதியையும் மலையின் சங்கதியையும் பாலாற்றுப் பாலத்தில் நின்று பார்க்கிறவர்கள் தாங்களே தெரிந்துகொள்ளலாம். ஆனால் ராஜா இல்லாத கோட்டை என்ற பேச்சு மட்டும் அவ்வளவு சரியில்லை. அந்தக் கோட்டையில் ஒரு ராஜா இருந்தார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஏறக்குறைய 16 வருஷம் இருந்தார். வேலூரிலேயே கண்ணை மூடினார். கைதியாக இருந்தவரானதால் ஊரார் அவரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது!

அவர்தாம் கண்டி ராஜ்யத்தின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இலங்கைத் தீவில் முடி சூடி ஆண்ட சுதேச மன்னர்களில் கடைசியானவரும் அவரே.

2023-ம் வருஷம் ஜூன் 5-ந் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. மத்திய மந்திரி கொடியசைத்து அனுப்பிவைத்தார். நீச்சல் குளம், நாடக அரங்கு, விருந்து மண்டபம் எல்லாம் அடங்கிய மிதக்கும் மாளிகை அது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று தீவின் மூன்று துறைகளைப் பிரயாணிகளுக்குக் காட்டி, மறுபடி சென்னைக்கே கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. யுத்தத்துக்கு முன்னால் அந்தத் தீவைப் பார்த்திருந்தவர்களுக்கு, மறுபடியும் கடல் வழியாகப் போய் அதைக் காணலாம் என்பதே ஒரு பெரிய விஷயம். தென்னஞ்சோலையும், நீலக் கடலும், கோணேசர் மலையும் யாருக்குத்தான் அலுக்கும்?

அதற்கு 207 வருஷங்களுக்கு முன்னால், எதிர்த் திசையில், கொழும்பிலிருந்து சென்னைக்கு ஒரு கப்பல் வந்தது. அதில் வந்த பிரயாணிக்குத் திரும்பிப் போகும் சீட்டு கிடையாது.

கடற்கரை இல்லாத ராஜ்யம்

கண்டி மலைநாட்டு ராஜ்யம். போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று கடற்கரையை மாறி மாறிப் பிடித்தார்களே தவிர, உள்ளே மலைக்காட்டுக்குள் புகுந்து நிலைக்க முடியவில்லை. 1766-ம் வருஷத்து உடன்படிக்கையில் டச்சுக்காரர்கள் தீவின் கரையோரம் முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு கண்டி மன்னருக்குச் சொந்தமென்று ஒரு சாண் கடற்கரை கூட இல்லை. நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில் கடல் இல்லாத அரசர்!

அந்தச் சிங்காசனத்தில் அப்போது இருந்தவர்கள் யாரென்று கேட்டால் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கண்டி ராஜாக்கள் மதுரைச் சீமையிலிருந்து நாயக்கர் குலத்துப் பெண்களை எடுப்பது வழக்கமாயிருந்தது. 1739-ல் நரேந்திரசிங்கன் என்ற மன்னர் வாரிசில்லாமல் இறந்ததும், பட்டம் அவருடைய ராணியின் சகோதரருக்குப் போயிற்று. அன்று முதல் நான்கு பட்டம் நாயக்கர் வம்சத்தார் ஆண்டார்கள். பிறப்பால் சைவ வைஷ்ணவக் குடும்பத்தவராக இருந்தாலும், கண்டியில் அவர்கள் பௌத்த மதத்தின் காவலர்கள். தலதா மாளிகையில் இருக்கும் புத்தர் பல்லுக்குப் பெரஹரா ஊர்வலச் சிறப்புகளை வகுத்துக்கொடுத்ததும், அழிந்துபோயிருந்த பிக்ஷு பரம்பரையை 1753-ல் சயாம் தேசத்திலிருந்து பிக்ஷுக்களை வரவழைத்துப் புதுப்பித்ததும் இந்த வம்சத்துக் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான். சிங்களவர்கள் இன்றைக்கும் இதை மறப்பதில்லை.

1798-ல் ராஜாதி ராஜசிங்கன் பிள்ளையில்லாமல் இறந்தார். முதல் மந்திரியான பிலிமத்தலாவை, கண்ணுசாமி என்ற 18 வயது வாலிபனைக் கொண்டுவந்து சிங்காசனத்தில் உட்கார வைத்தார். தகுதியுள்ள வேறு உறவினர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் தன் சொல்லைக் கேட்டு ஆடக்கூடிய பையன் இவன் என்று மந்திரி கணக்குப் போட்டார். ஒரு பக்கம் ராஜாவுக்குக் கும்பிடு. மறு பக்கம் கொழும்பில் இருந்த ஆங்கிலக் கவர்னர் நார்த் துரையோடு ரகசியப் பேச்சு.

மந்திரியின் கணக்குத் தப்பிற்று. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்று பட்டம் சூடிய கண்ணுசாமி, பொம்மையாக இருக்க மறுத்தார். 1803-ல் ஆங்கிலேயர் படையெடுத்து வந்து, முத்துசாமி என்ற மற்றோர் உறவினரைக் கண்டியில் ராஜா என்று உட்கார வைத்தார்கள். மழையும் காய்ச்சலும் கண்டியர்களும் சேர்ந்துகொண்டு அந்தப் படையை அழித்துவிட்டன. முத்துசாமியின் தலை போயிற்று. பிலிமத்தலாவையின் தலையும் கடைசியில் சதிக் குற்றத்துக்காகப் போயிற்று.

கண்டிக்குப் போகிறவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அந்த ஊரின் நடுவில் இருக்கும் ஏரிக்கரையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வயல்வெளியாகக் கிடந்த இடத்தை வெட்டி அந்த ஏரியை உண்டாக்கியவர் இந்த ராஜாதான். தலதா மாளிகையை ஒட்டிய எட்டுப் பட்டை மண்டபமும் அவர் கட்டியதே. ஏரி வெட்டியதில் குடிகளை ஊழியம் வாங்கி வாட்டினார் என்று அந்நாளில் ஏச்சும் கேட்டார்.

ஏச்சுக்குக் காரணம் ஏரி மட்டுமல்ல. பிலிமத்தலாவைக்குப் பின் முதல் மந்திரியான எஹெலப்பொலை 1814-ல் ஆங்கிலேயர் பக்கம் ஓடிவிட்டார். அகப்படாத மந்திரிக்குப் பதிலாக, அகப்பட்ட அவருடைய மனைவிக்கும் குழந்தைகளுக்கும் ராஜா மரண தண்டனை விதித்தார். அந்தக் குழந்தைகளின் கதையைச் சொன்னால் இன்றும் சிங்களக் கிராமங்களில் பெண்கள் கண்ணீர் விடுவார்கள். கொழும்புப் பக்கத்து வியாபாரிகள் பத்துப் பேரை ஒற்றர்கள் என்று பிடித்து அங்கஹீனம் செய்தனுப்பியதும் அதே வருஷக் கடைசியில்தான். ராஜாவின் குரூரத்தை ஆங்கிலேயர் தங்கள் காரியத்துக்காகப் பெருக்கிக் காட்டினார்கள் என்பது நிஜம். இதை எழுதியவர் வேறு யாருமல்ல, இங்கிலீஷ் ராணுவ வைத்தியரான ஹென்றி மார்ஷலே 1846-ல் வெளியிட்ட புத்தகத்தில் ராஜாவுக்காகப் பரிந்து பேசியிருக்கிறார். அதற்காக எஹெலப்பொலையின் குழந்தைகள் இறந்தது இல்லையென்று ஆகிவிடாது.

மூன்றாவது ஷரத்து

1815 ஜனவரியில் கவர்னர் பிரௌன்ரிக் யுத்தப் பிரகடனம் செய்தார். பிப்ரவரி 14-ந் தேதி ஆங்கிலப் படை கண்டிக்குள் நுழைந்தது. எதிர்த்து நிற்க ஆளில்லை. பிரபுக்களெல்லாம் முன்பே கவர்னர் பக்கம் சாய்ந்திருந்தார்கள். மேதமகநுவரைப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்த ராஜாவை 18-ந் தேதி பிடித்தார்கள். பிடித்தவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அல்ல, அவருடைய குடிகளே. காட்டுக் கொடியால் கட்டி இழுத்து, ராணிகளின் காதணிகளைப் பறித்தார்கள் என்று சரித்திரம் சொல்கிறது.

மார்ச் 2-ந் தேதி கண்டி அரண்மனை மண்டபத்தில் உடன்படிக்கை எழுதப்பட்டது. கண்டி பிரபுக்கள் கையொப்பமிட்டார்கள். அவர்களில் சிலர் தமிழ் எழுத்தில் கையொப்பமிட்டது ஒரு விசேஷம். இந்தப் பத்திரத்தில் 12 ஷரத்துகள். பௌத்த மதத்தைக் காப்போம் என்ற ஐந்தாவது ஷரத்தைப் பற்றி இலங்கையில் பேசாத அரசியல்வாதி கிடையாது. மூன்றாவது ஷரத்தைப் பற்றித்தான் அதிகம் பேர் பேசுவதில்லை.

அது சொல்வது இதுதான்: ராஜாவுக்கு ரத்த பந்தத்தாலோ சம்பந்தத்தாலோ உறவான ஆண்கள் அனைவரும், உறவென்று சொல்லிக்கொள்பவர்களும் கூட, கண்டிச் சீமைக்கு விரோதிகள். ஆங்கில சர்க்காரின் எழுத்து மூலமான அனுமதியில்லாமல் எந்த முகாந்திரத்தைக் கொண்டும் உள்ளே அடியெடுத்து வைக்கக் கூடாது. வைத்தால் ராணுவச் சட்டப்படி தண்டனை. 'மலபார் ஜாதி' ஆண்களாக வெளியேற்றப்பட்டவர்களும் திரும்பி வரக் கூடாது. மலபார் என்றால் அந்நாளைய இங்கிலீஷில் தமிழர் முதலிய தென்னாட்டார் என்று அர்த்தம். ராஜாவின் முடியைப் பறித்தது இரண்டாவது ஷரத்து; மூன்றாவது, அவருடைய பேரன் பேத்திகளின் காலம் வரைக்கும் துறையை அடைத்துவிட்டது. ஒரு தேசத்தின் அஸ்திவாரப் பத்திரத்திலேயே இன்னார் திரும்பி வரக் கூடாது என்று எழுதி வைத்திருப்பது அபூர்வமான விஷயம். பின்னால் வந்த சட்டங்களுக்கெல்லாம் இது பாட்டன் என்று சொல்லலாம்.

ஏணிக்குப் பதில் நாற்காலி

ராஜாவைக் கொழும்புக்குக் கொண்டுவந்து கோட்டைக்குள் ஒரு வீட்டில் ஏறக்குறைய பத்து மாதம் வைத்திருந்தார்கள். தீவிலேயே இருந்தால் என்றைக்காவது ஆபத்து என்று கவர்னருக்குத் தோன்றிற்று. 1816-ம் வருஷம் ஜனவரி 24-ந் தேதி, புதன்கிழமை மாலை, கப்பலேற்றிவிட்டார்கள்.

கவர்னரின் கோச்சு வண்டியில் ராஜாவையும் ராணிகளையும் துறைக்கு அழைத்துப்போனார்கள். பரிவாரத்துக்குப் பல்லக்குகள். பெண்கள் முகத்திரையோடு படகில் ஏறினார்கள். அன்றைக்குக் காற்று பலம், அலையும் அதிகம். ராணிகள் கப்பல் ஏணியில் தொற்றி ஏறுவதாவது! ஒரு நாற்காலியைக் கயிற்றில் கட்டி, ஒவ்வொருவராக உட்கார வைத்து, மேலே இழுத்துக்கொண்டார்கள். ராஜா பயந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மலைக்கு நடுவில் கடலில்லாமல் 17 வருஷம் ஆண்டவர், ஆடும் படகில் அசையாமல் இருந்தார் என்பதை அந்நாளைய கொழும்புப் பத்திரிகை குறித்து வைத்திருக்கிறது.

கப்பலின் பெயர் 'கார்ன்வாலிஸ்'. 74 பீரங்கிகள் கொண்ட போர்க் கப்பல். பம்பாயில் பார்சி வாடியாக்கள் தேக்கு மரத்தால் கட்டி 1813-ல் கடலில் இறக்கியது. நம் நாட்டு மரம், நம் நாட்டுத் தச்சர்களின் வேலை. இந்தக் கப்பலுக்கு ஒரு ராசி உண்டு போலும். 1842-ல் ஹாங்காங் தீவைச் சீனச் சக்கரவர்த்தியிடமிருந்து ஆங்கிலேயர் எழுதி வாங்கிக்கொண்ட நான்கிங் உடன்படிக்கை கையொப்பமானதும் இதே கப்பலின் மேல்தான்!

கிரான்வில் என்ற சிவில் அதிகாரி ராஜாவுக்குக் காவலாகக் கூடவே வந்தார். வழியில் ராஜா பேசியதையும் நடந்துகொண்டதையும் அவர் எழுதி வைத்த குறிப்பு பின்னால் அச்சாயிற்று. சென்னைக்கு அந்நாளில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்திலேயே நங்கூரம் போடும். அங்கிருந்து மசூலாப் படகில் இறங்கி, அலையில் தூக்கித் தூக்கிப் போடப்பட்டு, நனைந்துதான் கரை சேர வேண்டும். கரை சேர்ந்தபின் மேற்கே ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தரைவழிப் பிரயாணம்.

பிள்ளைப் பருவத்தில் இந்தக் கரையை விட்டுப் போன குடும்பத்தின் பிள்ளை இப்படித்தான் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தார். கண்டியில் அவரை அந்நியர் என்று சொல்லி இறக்கினார்கள். தமிழ்நாட்டில் அவர் கண்டி ராஜா.

கண்டி மகால்

ஏன் வேலூர்? கைதி ராஜாக்களை வைக்க அதைவிடப் பொருத்தமான கோட்டை சென்னை ராஜதானியில் இல்லை. விஜயநகர காலத்துக் கருங்கல் மதில், சுற்றிலும் அகழி. 1799-ல் திப்பு சுல்தான் இறந்தபின் அவருடைய மக்களையும் குடும்பத்தையும் இங்கேதான் குடிவைத்தார்கள். 1806 ஜூலை 10-ந் தேதி இதே கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து திப்புவின் கொடியை ஏற்றினார்கள். அதற்குப்பின் திப்புவின் மக்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். காலியான கோட்டைக்குப் பத்து வருஷத்தில் அடுத்த ராஜா வந்தார். கோட்டைக்குள் இன்றும் ஹைதர் மகால், திப்பு மகால் என்று சொல்லும் கட்டடங்களோடு கண்டி மகால் என்ற பெயரும் நிலைத்திருக்கிறது.

வந்த மறு வருஷமே அவரை அனுப்பியது புத்திசாலித்தனம் என்று ஆங்கிலேயர் நினைக்கும்படி ஒரு காரியம் நடந்தது. 1817-ல் ஊவாப் பகுதியில் கலகம் மூண்டது. கலகக்காரர்கள் முன்னே நிறுத்திய ஆள், தான் ராஜாவின் உறவினன் துரைசாமி என்று சொல்லிக்கொண்டான். உண்மையில் அவன் ஒரு சிங்களவன். முன்பு பிக்ஷுவாக இருந்தவன். எந்த நாயக்கர் வம்சத்தை அந்நியம் என்று பிரபுக்கள் துரத்தினார்களோ, அந்த வம்சத்தின் பெயரைச் சொன்னால்தான் மூன்று வருஷத்துக்குள் ஜனங்கள் எழுந்து வந்தார்கள்! கலகத்தை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொலை என்ற பிரபுவே கலகக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். 1818 நவம்பர் 26-ந் தேதி அவரைச் சிரச்சேதம் செய்தார்கள்.

எஹெலப்பொலையின் கதி என்ன ஆயிற்று? ராஜாவைக் கவிழ்க்க உதவியவர், தனக்குக் கிரீடம் வரும் என்று எதிர்பார்த்தவர். ஆங்கிலேயர் அவரையும் நம்பவில்லை. 1825-ல் மொரீஷியஸ் தீவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். 1829-ல் அங்கேயே இறந்தார். விரட்டியவரும் விரட்டப்பட்டவரும் ஆளுக்கொரு கப்பலில் போய், கண்டி ஏரியை மறுபடி காணாமலே முடிந்தார்கள்.

வேலூரில் ராஜாவுக்கு ஒரு மகன் பிறந்தான். ராஜாதி ராஜசிங்கன் என்று பெயர் வைத்தார். சிறைக்குள் பிறந்த குழந்தைக்குச் சிங்காசனத்துப் பெயர்! அந்தப் பிள்ளையும் சந்ததியில்லாமல் இளவயதிலேயே இறந்துபோனான். ராஜாவுக்கு நீர்க்கோவை கண்டது. 1832-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி, தம்முடைய 52-வது வயதில் காலமானார். ஆண்டது ஏறக்குறைய 17 வருஷம். கைதியாக இருந்ததும் ஏறக்குறைய 17 வருஷம்.

திரும்பிப் போன பொருள்கள்

ராஜா போகவில்லையே தவிர, அவருடைய சாமான்கள் ஒவ்வொன்றாகத் தீவுக்குத் திரும்பின.

1693-ல் டச்சுக் கவர்னர் கண்டி மன்னருக்குப் பரிசளித்த சிங்காசனம் 1815-ல் இங்கிலாந்துக்குப் போயிற்று. வின்சர் கோட்டையில் இங்கிலீஷ் ராஜ குடும்பத்தின் சடங்குகளுக்கு அதில் உட்கார்ந்தார்கள். 1934 செப்டம்பரில், ஐந்தாம் ஜார்ஜின் மகனான கிளஸ்டர் பிரபு அதையும் கிரீடத்தையும் கொண்டுவந்து கண்டியிலேயே திருப்பிக் கொடுத்தார். இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ராஜாவின் சிங்கக் கொடி லண்டன் செல்சீ ராணுவ ஆஸ்பத்திரியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஈ. டபிள்யூ. பெரேரா என்ற தேசத்தலைவர் அதைத் தேடிப் பிடித்து உலகத்துக்குத் தெரிவித்தார். 1948 பிப்ரவரி 4-ந் தேதி இலங்கை சுதந்திரம் பெற்றபோது ஏற்றியது அந்தச் சிங்கக் கொடிதான். இன்றைய இலங்கைக் கொடியில் வாளேந்தி நிற்பதும் அதே சிங்கமே.

கெப்பெட்டிப்பொலையின் கதை இன்னும் விசித்திரம். அவருடைய மண்டை ஓட்டை, மேலே சொன்ன டாக்டர் மார்ஷல் எடின்பரோவுக்கு எடுத்துப்போய், மண்டையை வைத்துக் குணத்தை ஆராயும் சங்கம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். 1954-ல் அது இலங்கைக்குத் திரும்பி வந்தது. கண்டியில் அதற்கு ஒரு ஞாபகச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள்.

சிங்காசனம் திரும்பிற்று, கிரீடம் திரும்பிற்று, கொடி திரும்பிற்று, கலகம் செய்த பிரபுவின் தலையும் திரும்பிற்று. அந்தச் சிங்காசனத்தில் உட்கார்ந்தவரும், அந்தக் கிரீடத்தைச் சூடியவரும் பாலாற்றங்கரையில் இருக்கிறார்.

தோலும் மணலும்

வேலூர் நகரத்துக்கு வடக்கே, பாலாற்றின் கரையோரம் ராஜாவின் சமாதி இருக்கிறது. பக்கத்தில் உறவினர்களின் சமாதிகள். நெடுங்காலம் முள்ளும் புதருமாகக் கிடந்த இடம். 1990-ல் தமிழக சர்க்கார் அதன்மேல் முத்து மண்டபம் எழுப்பி, முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். இலங்கையிலிருந்து வருகிறவர்கள் தேடிப் பிடித்து வருகிறார்கள். வேலூர்க்காரர்களில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று கேட்டால் சந்தேகம்தான்.

வேலூருக்கு வெளிநாட்டார் வருவது சமாதிக்காக அல்ல; சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்காக. அதிலும் இலங்கைச் சம்பந்தம் உண்டு. ராஜா வேலூரில் கைதியாக இருந்த அதே காலத்தில், ஜான் ஸ்கட்டர் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர் யாழ்ப்பாணத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். 1836-ல் அவர் கடல் தாண்டிச் சென்னைக்கு வந்தார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கட்டர் 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்ததுதான் இன்றைக்கு இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியாக நிற்கிறது. கைதியாக ராஜா வந்த வழியில் வைத்தியமும் வந்தது.

ராஜாவின் காலத்தில் பாலாறு இப்படி இருந்திருக்காது. 1856-ல் சென்னையிலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் வந்தது. பிறகு இந்தப் பக்கத்தில் தோல் தொழில் வளர்ந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று ஊர் ஊராகப் பதனிடும் ஷாப்புகள். முதலில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். அப்புறம் குரோமிய உப்பு வந்தது. தோல் வியாபாரத்தால் பிழைத்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கு. அந்தக் கழிவு நீரால் கெட்ட கிணறும் கழனியும் எத்தனையோ! 1996 ஆகஸ்ட் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, வேலூர்க் குடிமக்கள் மன்றம் தொடுத்த வழக்கில், கெடுத்தவர் காசு கொடுத்துச் சரிசெய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்தியா முழுவதற்கும் வழிகாட்டியான தீர்ப்பு அது. ஆற்றில் மணல் வாரியது வேறு கதை. 2021 நவம்பரில் வந்ததுபோல் எப்போதாவது பெருவெள்ளம் வந்தால்தான் பாலாறு என்று ஒன்று இருப்பது ஞாபகத்துக்கு வருகிறது.

இன்றைக்கு உல்லாசக் கப்பல் புறப்படும் அதே சென்னைத் துறைமுகத்திலிருந்துதான் ஆம்பூர்ப் பூட்சுகள் பெட்டி பெட்டியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகின்றன. பாலாற்றங்கரைச் சரக்குக்கு எந்தத் துறையிலும் தடையில்லை.

'தாயகம் திரும்பியோர்'

கண்டி உடன்படிக்கையின் மூன்றாவது ஷரத்து மலபார்கள் உள்ளே வரக் கூடாது என்றது. எழுதிய மை காய்ந்து சில வருஷங்களுக்குள், அதே ஆங்கிலேயர் அதே கண்டி மலைகளில் காப்பித் தோட்டம் போட்டு, தமிழ்நாட்டுக் கூலிகளை ஆயிரம் ஆயிரமாகக் கூட்டிப்போனார்கள். காப்பி போய்த் தேயிலை வந்தது. திருச்சி, சேலம், மதுரை ஜில்லாக்களிலிருந்து மட்டுமல்ல, வட ஆற்காடு ஜில்லாவிலிருந்தும் போனார்கள்.

நாலு தலைமுறை கழித்து, 1964 அக்டோபர் 30-ந் தேதி சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் ஒப்பந்தம் செய்தபோது அவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜா உரிமை தருவது என்றும் தீர்மானமாயிற்று. அந்த டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை விழுங்கிவிட்டதால், கப்பல் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வந்தது. வந்தவர்களுக்கு சர்க்கார் வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. கண்டி மலையில் பிறந்து, கண்டி மலையைத் தவிர வேறெதையும் பார்த்திராத கிழவிக்கும் அதுதான் பெயர். கார்ன்வாலிஸ் கப்பலில் வந்த ராஜாவையும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கலாம்.

1983-க்குப் பிறகு வந்தவர்கள் வேறு விதம். அவர்கள் உயிருக்கு அஞ்சிப் படகேறி வந்த அகதிகள். யுத்தம் ஓய்ந்தபின் சில ஆயிரம் பேர் ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஸ்தாபன உதவியோடு விமானம் ஏறித் திரும்பினார்கள். பெரும்பாலோர் இன்னும் முகாம்களில் இருக்கிறார்கள்.

அந்த முகாம்களில் ஒன்று வேலூரை ஒட்டிய மேல்மொணவூரில் இருக்கிறது. 2021-ல் தமிழக சர்க்கார் அகதி முகாம் என்ற பெயரை எடுத்துவிட்டு, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அவ்வருஷம் நவம்பர் 2-ந் தேதி முதல்வர் ஸ்டாலின் மேல்மொணவூருக்கு வந்து, முதல் கட்டமாக மாநிலமெங்கும் 3,510 வீடுகள் கட்டும் திட்டத்தைத் துவக்கினார். 2023 செப்டம்பர் 17-ந் தேதி அதே ஊரில் நடந்த விழாவில் 1,591 வீடுகள் திறக்கப்பட்டன. ஓட்டை ஒழுகல் குடிசையில் முப்பது வருஷம் இருந்தவர்களுக்குக் காங்கிரீட் கூரை கிடைத்தது சாதாரண விஷயமல்ல. ஆனால் வீடு வந்ததே தவிர, பிரஜா உரிமை வரவில்லை. 2019-ம் வருஷத்துக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று தேசங்களிலிருந்து வந்தவர்களுக்குத்தான் வழி செய்தது. இலங்கையின் பெயர் அதில் இல்லை.

போய்வரக் கப்பல் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ந் தேதி கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்றுபோய், 2024 ஆகஸ்ட் 16-ந் தேதி 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஆரம்பித்தது. நாலு மணி நேரப் பிரயாணம். காலையில் நாகூர்ப் பக்கத்துக் கடற்காற்றை வாங்கிக்கொண்டு ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு யாழ்ப்பாணம் போய்விடலாம். டிக்கெட்டோடு பாஸ்போர்ட்டும் காட்ட வேண்டும். மேல்மொணவூர் போன்ற முகாம்களிலேயே பிறந்து, படித்து, வேலைக்குப் போகிற வயதுக்கு வந்துவிட்ட பிள்ளைகள் பலரிடம் அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை, இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை.